கிணற்றில் சரிபாதி

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு தரம் கேட்டுடறேண்ணா" என்று நிர்மலா கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தபோது, கண்ணையன் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? உன் பாகம் வீட்டுமனை. அதான் தெளிவா எழுதியாச்சே."

"கண்ணு தெரியாதவ நான். எழுதியிருக்குதுன்னு நீ சொன்னா ஆச்சா?"

பத்திரம் எழுதும் பஞ்சாட்சரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கூடப் பொறந்தவன் மேலயே நம்பிக்கை இல்லியாம்மா? நல்லா இருக்குது. பன்னண்டுக்கு ராகு காலம் வந்துடும், சொல்லிட்டேன்."

நிர்மலா விரலால் போனின் முகத்தைத் தடவினாள்.

கண்ணையன் பயந்தது தங்கைக்காக அல்ல. அவள் பாகத்தில் ஒரு அடிகூட அவன் குறைக்கவில்லை. செத்துப்போன அண்ணனின் பாகத்தில்தான், அதாவது அண்ணி சுலோச்சனாவின் பாகத்தில்தான், ஒரு வரியை எடுக்கச் சொல்லியிருந்தான். 'கிணற்றிலும் மோட்டாரிலும் சரிபாதி' என்ற வரி. அது இல்லாவிட்டால் கனகம்மாசத்திரத்தில் அண்ணிக்கு வரும் ஒரு ஏக்கர் பத்து சென்ட் வெறும் மண். இரண்டு கோடை தாங்கமாட்டாள். வந்த விலைக்கு அவனிடமே விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவாள்.

அந்தக் கண்டத்தை அவன் தாண்டியும் விட்டான். எட்டாவது படித்த அண்ணி, சற்றுமுன்தான் பத்திரத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்குது தம்பி" என்று திருப்பிக் கொடுத்திருந்தாள். அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

இப்போது இவள்.

"தாளைப் புடிண்ணா. நேரா."

பிடித்தான்.

"அசையாமல் பிடிக்கவும்" என்றது போன். மறுபடியும், "அசையாமல் பிடிக்கவும்."

"மிஷினே உன்ன மெரட்டுது பாரு" என்றாள் நிர்மலா.

அவனுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. தாளைப் படம் பிடித்து வாசித்துக் காட்டும் அந்தப் போன் பேசுவது அவள் ஒருத்திக்குத்தான் புரியும். கேட்டுக் கேட்டுப் பழகியவள். ரயில் வேகத்தில் ஓடவிடுவாள். மற்றவர் காதுக்கு அது வெறும் இரைச்சல். அதோடு, எடுத்துவிட்ட வரியை எந்த மிஷினாலும் படிக்க முடியாது.

போன் ஆரம்பித்தது. ஒவ்வொரு சொல்லாக, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

"இன்னா இது, இவ்ளோ மெதுவா? எப்பவும் கடகடன்னுதானே வெப்ப?"

"பத்திரமாச்சே. நிதானமா கேட்டுக்கறேன்."

"அப்ப காதுல மாட்டிக்கினு கேளு. தெருவுக்கே படிச்சுக் காட்டணுமா?"

"மாட்டினா காது வலிக்குது. அண்ணியும் நீயும்தானே இருக்கீங்க? மறைக்கிறதுக்கு இன்னா இருக்குது?"

கண்ணையன் அடுத்த தாளைப் புரட்டிப் பிடித்தான். பெஞ்சில் இருந்த சுலோச்சனா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

'அ' சொத்து, கண்ணையன் பாகம், அதிலுள்ள கிணறும் மின்மோட்டாரும் சேர்த்து. போன் ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 'ஆ' சொத்து, சுலோச்சனா பாகம், நஞ்சை ஏக்கர் ஒன்று சென்ட் பத்து. கிழக்கே வண்டிப்பாதை. மேற்கே ஏரிக்கால்வாய். வடக்கே கண்ணையன் நிலம். தெற்கே தரிசு. 'இ' சொத்து...

"நிறுத்தும்மா" என்றாள் சுலோச்சனா.

தெருவில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. நிர்மலா போனை நிறுத்தினாள்.

"என் பாகத்துல கெணறு வரலியே தம்பி."

"நீங்கதானே அண்ணி பாத்தீங்க? எல்லாம் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுலோச்சனாவின் முகம் சுருங்கியது. "ஆங்... பாத்தேன்..."

"பாத்தா தப்பிப்போறது, கேட்டா மாட்டும்" என்று நிர்மலா குறுக்கே விழுந்தாள். "எங்க ஆபீஸ்லயே எத்தினி பேர் அப்படி. சார், அந்த வரி எப்படி விட்டுப்போச்சு?"

பஞ்சாட்சரம் கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் தரையைப் பார்த்தான்.

"டைப்புல விட்டுப்போயிருக்கும்மா. அஞ்சு நிமிஷம், சேத்துடலாம்."

ராகு காலத்துக்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு தொடங்கிவிட்டது. உள்ளே சுலோச்சனாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் கண்ணையன் தங்கையின் பக்கத்தில் வந்து நின்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"போன வாரமே. என் பாகத்தப் பாக்கணும்னு சொல்லி பத்திரம் எழுதறவர்கிட்ட வாங்கி, ரெண்டு தரம் கேட்டேன்."

"எங்கிட்ட தனியா சொன்னா சேத்திருக்க மாட்டேனா? அண்ணி முன்னால, அந்த ஆளு முன்னால, என் மானத்த வாங்கணுமா?"

"நீ சேத்திருப்ப. வேற எத எடுத்தன்னு அண்ணிக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா? எட்டாவது படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தானே கட்டிக்குடுத்தாங்க."

நிர்மலா உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத, அவங்ககிட்டகூட. எனக்குக் கண்ணு போனப்புறம் பன்னண்டு வருஷம், தெனம் மத்தியானம், வாரப் பத்திரிகைய வெச்சுக்கினு அண்ணி எனக்குக் கதை படிச்சாங்களே... இந்தப் போன் வந்ததும் பரண்லருந்து அந்தப் புக்கெல்லாம் எறக்கி மறுபடி கேட்டேன். அவங்க படிச்ச கதையில ஒண்ணுகூட அதுல இல்லண்ணா."