தீனி கேட்கும் மீன்

“நம்பலன்னா நீங்களே வந்து பாருங்க முதலாளி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரேமலாக்கா மீனுக்குத் தீனி போடுறாங்க. கம்ப்யூட்டருக்குள்ள.”

முதலாளி வயிரவன் கண்ணாடியக் கழட்டிட்டு கஸ்தூரியப் பாத்தார். “ஐம்பத்தாறு வயசு மனுஷிம்மா. விளையாடிட்டா இருப்பாங்க?”

“எங்க மாமியாரும்தான் லோஹான் மீன் வளத்தாங்க, அது உடம்புல லாட்டரிக்கு நாலு நம்பர் தெரியும்னு. ஒரு நம்பரும் அடிக்கல, மீனுதான் குண்டாச்சு. ஆனா அது நிஜ மீனு, வீட்ல இருந்துச்சு. இது ஆபீஸ்லா.”

செனாய் ஏர்போர்ட்ல இருக்கிற அந்த கார்கோ ஆபீஸுக்கு கஸ்தூரிதான் சூப்பர்வைசர். அஞ்சு மணி ப்ளைட்டுக்கு ஃபாரம் எல்லாம் ரெடியாகணும். இந்த நேரத்துல மீன் கேக்குதான்னு அவளுக்குக் கொதிப்பு.

“பேசாம அக்காவ ஸ்டோருக்கு மாத்திடுங்க. அந்த மீனை வெச்சுக் குடுத்தது நம்ம கம்ப்யூட்டர் பாக்குற ரூபேந்திரன்தான். அவனையும் ஒரு வார்த்தை கேளுங்க.”

கேக்கறதுக்குள்ள இடி. செனாய்ல மூணு மணி மழைக்குக் கடிகாரமே வேணாம். கரண்ட் போயிருச்சு.

அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு. கஸ்தூரி ஓடிப்போய்ப் பாத்தா, மத்தியானத்துல இருந்து அவ அடிச்ச லிஸ்ட் மொத்தமும் காணோம். கோள் சொல்ற அவசரத்துல சேவ் பண்ணாம எந்திரிச்சுட்டா.

பக்கத்து மேசைல பிரேமலா சாவகாசமா பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. “எனக்கு ஒண்ணுமே போகல கஸ்தூரி. அதிர்ஷ்டம்லா.”

கஸ்தூரி ரூபேந்திரனைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிட்டுப் போனா. “தம்பி, என்ன பண்ணி வெச்சிருக்க?”

“டெஸ்க்டாப்பை அலங்கரிக்கிற புரோகிராம்க்கா. அதுல ஒரு பொம்மைய வெச்சு, தொட்டா என்ன நடக்கணும்னு நாமளே எழுதலாம். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மீனுக்குப் பசிக்கும். தீனி டப்பாவத் தட்டினா, ஃபைல் சேவ் ஆயிரும்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. போன மாசம் மூணு தடவை சேவ் பண்ண மறந்து, எல்லாம் போயி, ராஜினாமா லெட்டரே அடிச்சிட்டாங்க. நல்லவேளை, அதையும் சேவ் பண்ணல.”

வயிரவன் வெளிய வந்தார். “கஸ்தூரிம்மா, அந்த மீனை எடுத்துரச் சொல்லவா?”

பிரிண்டர்கிட்ட பிரேமலா கை அப்படியே நின்னுச்சு.

கஸ்தூரி அந்தக் கையப் பாத்தா. “அது பாட்டுக்கு நீந்தட்டும் முதலாளி.” அப்புறம் படிக்கட்டுப் பக்கம் திரும்பினா.

“ரூபேன், எனக்கும் ஒண்ணு கொண்டாந்து விடு. நல்லாப் பசிக்கிற மீனா.”