ஜிப் வைக்கும் பாடம்

நேரலையில் கைகள் மட்டும்தான் தெரிந்தன.

புருல்ச்சா அக்கா எப்போதும் அப்படித்தான். போனை மேசைக்கு மேலே கவிழ்த்து மாட்டிவிடுவாள். தையல் மெஷின், துணி, இரண்டு கைகள். முகம் கிடையாது.

"ஜிப் வாயை மூடினா மூடினபடி கிடக்கணும். உங்க மாமியார் மாதிரி பாதியில தொறந்துக்கக் கூடாது."

பெண்கள் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். நாங்கள் எழுதுவது அவளுக்கு உடனே போய்விடும். அவள் பேசுவதும் தைப்பதும் எங்களுக்கு அரை நிமிடம் பிந்தித்தான் வரும். அவள் அடுத்த கேலிக்குப் போன பிறகுதான் முந்தியதற்கான சிரிப்பு அவளிடம் போய்ச் சேரும்.

நான் ஓஷ் நகரத்தில் என் வீட்டு மேசையில் இருந்தேன். இணையத்தில் சிதறிக் கிடக்கும் நல்ல வீடியோக்களைப் பொறுக்கி, வெட்டி, வரிசையாகக் கோத்துப் பாடமாக்குவது என் வேலை. படிப்பவர்கள் தையல்கூடத்தில் வேலை தேடும் பெண்கள். அளவெடுக்க ஒருத்தியின் வீடியோ, காலர் வைக்க இன்னொருத்தியுடையது. ஜிப்புக்கும் இஸ்திரிக்கும் பிஷ்கெக்கிலிருந்து அக்கா. அவள் நேரலையும் என் பாடப் பக்கம் வழியாகத்தான் போகும்.

வீடியோவில் அவள் தன் பெயரைச் சொன்னதே இல்லை. அனுமதி கேட்டு நான் பேசியபோதுதான் சொன்னாள்.

யார் மகள், எந்த ஊர் என்று சொல்லாமல் ஒருவரை நாலு பேர் முன்னால் நிறுத்துவது எங்களிடம் மரியாதைக் குறைவு. அதனால் பாடத்தின் கீழே எழுதினேன். நாரின் ஊர், தொக்தோசுனின் மகள் புருல்ச்சா.

மறுநாள் காலையில் அவள் குரல் செய்தி வந்தது.

"ஏ நாஸ்குல், அதை எடுத்துத் தொலைடி. ரோட்டுல போனவளைக் காருல அள்ளிப் போட்டு, தலையில வெள்ளை முக்காடு போட்டுப் பொண்டாட்டின்னான் ஒருத்தன். அவன்கிட்டேருந்து ஓடி வந்தவ நான். இன்னும் தேடிட்டுத்தான் இருக்கான்."

உடனே எடுத்தேன். ஒரே ஒரு இரவுதான் கிடந்தது. யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஒரு பக்கம் நேரலை ஓட, மறுபக்கம் பாடத்தை முடித்தவர்கள் யார் யார் என்று பார்த்துச் சான்றிதழ் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஐசாத். என் மாணவிகளில் நல்லவள். தினமும் அக்காவுக்கு வணக்கம் எழுதுபவள். அக்கா வீட்டுப் பக்கம் நல்ல நூல் கிடைக்குமா என்றுகூடக் கேட்டிருந்தாள்.

எதையெல்லாம் பார்த்து முடித்திருக்கிறாள் என்று திறந்தேன்.

எதையும் முடிக்கவில்லை. ஒரே ஒரு பாடத்தைத்தான் தொட்டிருந்தாள். இஸ்திரிப் பாடம். அதிலும் ஒரே இடம், திரும்பத் திரும்ப.

அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். அன்று மட்டும் அக்கா போனைச் சாய்த்து வைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி எழுகிறது. ஆவி சீறுகிறது. பின்னால் திரைச்சீலை விலகுகிறது. ஜன்னல். எதிரே மருந்துக்கடையின் பெயர்ப்பலகை. பக்கத்தில் பஸ் நிறுத்தம்.

வெட்டியிருக்க வேண்டிய துண்டு. ஆவிச் சத்தம் நன்றாக இருக்கிறதே என்று விட்டவள் நான்.

ஐசாத் சேர்ந்த தேதியைப் பார்த்தேன். பெயர் கிடந்த அந்த இரவு.

நேரலையில் எழுதி எச்சரிக்க முடியாது. நான் எழுதுவதை ஐசாத்தும் படிப்பாள்.

படிப்பான்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவளிடம் இருப்பது ஒரே போன். மேசைக்கு மேலே தொங்குவது அதுதான். மணி போனது. துண்டித்தாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி துண்டித்தாள். தனியாகச் செய்தி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை.

கொஞ்சம் கழித்துத்தான் திரையில் பெரிதாக ஒரு விரல் வந்து எதையோ தள்ளிவிட்டுப் போனது.

"யாருடி அது, பாடம் நடக்கிறப்ப? அடுப்புல பால் பொங்குதா என்ன?"

பெண்கள் மறுபடி சிரித்தார்கள்.

நான் இங்கிருந்து நேரலையை நிறுத்திவிட்டால் என்ன ஆயிற்று என்று போனைக் கையில் எடுப்பாள். என் செய்தியைப் பார்ப்பாள். பொத்தானுக்கு விரலைக் கொண்டு போனேன்.

அப்போது ஐசாத்திடமிருந்து ஒரு வரி வந்தது.

"அக்கா, யாரோ உங்க கதவைத் தட்டுறாங்க. போய்த் தொறங்க."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தட்டும் சத்தமே இல்லை. மெஷின் ஓடும் சத்தம் மட்டும்தான்.

திரையில் அந்தக் கைகள் அவசரமில்லாமல் ஜிப்பின் மறுபக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தன.

அரை நிமிடத்துக்கு முந்தைய கைகள்.