தையல் பிரியாத வகுப்பு

"குருநகர் லியோன்!" என்று பெயர் கூப்பிட்டதும், பின்னால் இருந்தவர் "ஓம், இஞ்சை" என்று கிளினிக் கொப்பியை உயர்த்திக் காட்டினார். பிறகு, தான் இருந்த வாங்கையே தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசைக்கும் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

தாதி தக்சாயினிக்குக் கண் கலங்காத குறை. அவளுடைய வகுப்பில் ஆசையாக முன்னால் வந்து இருந்தவர் இதுவரை எவருமில்லை. மின்விசிறி சுற்றும் பக்கமாகப் பார்த்து இருந்து தூங்குவதுதான் வழக்கம்.

குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்து வீட்டுக்குப் போனவர்கள், முதல் கிளினிக்குக்கு வரும் நாளில் நடக்கும் வகுப்பு அது. 'குடலிறக்கச் சத்திரசிகிச்சையின் பின்னரான சுயபராமரிப்பு வழிகாட்டல்' என்று ஒரு துண்டுப்பிரசுரமும் அவளே எழுதியிருந்தாள். தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் நோயாளிக்குச் சுகமாகிவிடும். ஆஸ்பத்திரி வாசலில் கச்சான் கடலை விற்பவர் அதில்தான் சுருள் சுற்றிக் கொடுக்கிறார்.

போன மாதம் இரண்டு பேர் தையல் பிரிந்து திரும்பி வந்தார்கள். ஒருவர் சைக்கிளில் அரிசி மூட்டை ஏற்றியவர். மற்றவர் சும்மா இருக்க முடியாமல் வேலி அடைத்தவர்.

சத்திரசிகிச்சை நிபுணர் சிவகரன் அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டார். "இனி ஒருத்தர் உப்பிடி வந்தாலும் இந்த வகுப்பு வேண்டாம், மிஸ்ஸி. நீங்கள் வார்ட்டுக்கே திரும்பிப் போங்கோ."

அதனால் தக்சாயினி இன்று உயிரைக் கொடுத்துப் படிப்பித்தாள். குருநகர்க்காரர் கண் வெட்டாமல் கேட்டார். விளங்காததைத் திருப்பிக் கேட்டார், வாய்க்குள் சொல்லிப் பாடமாக்கியும் கொண்டார்.

முடிகிற நேரம் பார்த்து டொக்டர் சிவகரனே வந்து நின்றார். "சரி, ஆரிட்டைக் கேப்பம்?"

தக்சாயினி மனதுக்குள் கீரிமலைச் சிவனுக்கு ஓர் அர்ச்சனையை நேர்ந்துகொண்டு, முன்னால் இருந்தவரைக் காட்டினாள்.

"பாரம் தூக்கலாமோ?"

"கூடாது, டொக்டர். ஆறு கிழமைக்கு ஒரு வாளித் தண்ணியும் தூக்கக் கூடாது."

"இருமல் வந்தா?"

"தலகணியை வயித்தோடை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இரும வேணும்."

"சாப்பாடு?"

"மரக்கறி, பழம் கூடச் சேர்க்க வேணும். கக்கூசில இருந்து முக்கக் கூடாது."

"கடல் தொழில்?"

"கரையில நிண்டு கடலைப் பாக்கலாம். வலையில கையும் வைக்கக் கூடாது."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழும்பிச் சிரித்தார்கள். டொக்டருக்கு வாயெல்லாம் பல்.

"இவ்வளவு காலத்தில நான் இப்பிடி ஒரு ஆளைக் காணேல்லை. மிஸ்ஸி, உங்கடை வகுப்பு நடக்கட்டும். இவரைப் படமெடுத்து வாசலில பெரிசாப் போடுங்கோ, மற்றச் சனமும் பாத்துப் பழகட்டும்."

குருநகர்க்காரர் வெட்கப்பட்டுச் சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். துண்டுப்பிரசுரத்தை டொக்டர் நீட்ட, அவர் வாங்க, படம் எடுத்தாயிற்று. தக்சாயினி நின்ற இடத்தில் கால் பாவவில்லை.

"சரி, வாங்கோ. தையலையும் ஒருக்காப் பாப்பம்."

திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்தவர், சொன்னபடி சேட்டை உயர்த்திச் சாரத்தைத் தளர்த்தினார். டொக்டர் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

தக்சாயினியும் எட்டிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. சொன்னபடி நடந்தால் இவ்வளவு வடிவாகவா ஆறும் என்று அவளுக்கே தன் வகுப்பில் பக்தி வந்துவிட்டது.

"தையல் எங்கை?" என்றார் டொக்டர்.

"அது அண்ணைக்கெல்லோ, டொக்டர். நான் தம்பி, றெஜி. அவருக்கு ஆர் சொன்னாலும் தலையில ஏறாது, நீ போய் வடிவாக் கேட்டுக்கொண்டு வந்து சொல்லு எண்டு அண்ணிதான் கொப்பியைத் தந்து விட்டவ."

தக்சாயினி கொப்பியை வாங்கிப் பெயரைத் திரும்பப் பார்த்தாள்.

"அப்ப லியோன் எங்கை?" என்றாள்.

"நான் இஞ்சை வந்திட்டன் எல்லோ. எனக்குப் பதிலா அவர் வலை இழுக்கப் போயிட்டார்."