இரண்டு ஸ்பூன்

காலையில் எழுந்ததும் அடுப்பில் பால் வைக்கிறேன். அது காய்வதற்குள் குளியலறையைக் கழுவிவிட வேண்டும். மூலையில் எறும்பு மொய்த்திருக்கும்.

பிறகு இரண்டு காபி. எனக்கு அரை ஸ்பூன் சர்க்கரை. மாமாவுக்கு இரண்டு, குவியலாக.

மாமா என் மனைவியின் அப்பா. மகளின் அடக்கத்துக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. நான் தனியாக இருப்பேனாம்.

அவருடைய பல்செட் அவள் தண்ணீர் குடித்த கண்ணாடி டம்ளரில் கிடக்கிறது. கால் கட்டைவிரலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தக் கட்டுத்துணியின் வாடை அவருக்கு முன்னால் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

அவள் வயிற்றுக் கட்டிக்கு உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது, மாமா கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைத்தார். காத்திருக்கச் சொல்லும் வசனம். கர்த்தர் வழிகாட்டிவிட்டார் என்றார்.

அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. காத்திருந்தோம். கட்டி காத்திருக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். மகளின் கடைசி வார்த்தை, ‘இயேசப்பா, இதோ வர்றேன்’ என்பதாம். சபையார் மூக்கைச் சிந்துகிறார்கள்.

அவள் மூச்சு நின்றபோது இவர் வராந்தாவில் முழங்காலில் இருந்தார். அறைக்குள் நான் மட்டும்தான்.

தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா காலை இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். காபியை வைத்தேன்.

ஜெபிக்காமல் அவர் எதையும் வாயில் வைக்கமாட்டார். சுருக்கமாக ஜெபிக்கவும் தெரியாது. நான் கண்ணை மூடுவதில்லை. காபியின் மேல் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடித்ததும் அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். பிறகு உறிஞ்சுவார். கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

இன்று ஜெபம் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு என்னிடம் வந்தது.

“ஆண்டவரே, என்மேல இவருக்கு இருந்த கசப்பை எடுத்துப் போட்டீங்க. என் பொண்ணுகூட எனக்கு இப்படி ஒரு காபி போட்டுத் தந்ததில்ல. இந்தக் கைய ஆசீர்வதிங்கப்பா.”

என் கை மேசைமேல் இருந்தது. சர்க்கரை ஒட்டி விரல் பிசுபிசுத்தது. அந்த வீட்டில் இவ்வளவு அருவருப்பான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பல்செட்டையும் சேர்த்துத்தான்.

ஆமென் வருவதற்குள் கோப்பையை எடுத்துப்போய் சிங்கில் கொட்டினேன். அடியில் கரையாத சர்க்கரை கூழாக நின்றது. குழாயைத் திறந்துவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து வெறும் மேசையைப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, ஈ விழுந்துருச்சா?”

“வேற போட்டுத் தரேன் மாமா.”

பால் மறுபடி காய்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, அவள் கடைசியாகப் பேசியது அவரைப் பற்றித்தான் என்றேன்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே சொன்னேன்.

“அப்பா எவ்வளவு கெஞ்சினாலும் காபியில சர்க்கரை மட்டும் போட்டுடாதீங்க.”