நூறு வரை

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் தந்தி. உதடுகள் அசைய ஆரம்பித்தன.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மனக்கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். என் மாணவி எவ்வளவு நிதானமாகத் தேர்வு எழுதுகிறாள் என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

அடுத்த கேள்விக்கும் அதையே செய்தாள். கை மடியில். உதட்டில் முணுமுணுப்பு.

அப்போதுதான் உறைத்தது. எண்ணுகிறாள்.

ஐயோ!

எங்கள் பள்ளியில் இருப்பவை நான்கே நான்கு கணினிகள். ஏதோ ஓர் அலுவலகம் தூக்கிப்போட இடமில்லாமல் எங்கள் தலையில் கட்டியவை. ஒரு தடவை அழுத்திவிட்டுப் பொறுமையாக இருந்தால் வேலை செய்யும். அவசரப்பட்டு இன்னொரு தடவை அழுத்தினால் அப்படியே நின்றுவிடும். திரையில் படம் வந்துவிட்டாலும் நம்பக்கூடாது, உள்ளே இன்னும் முக்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஒரு தடவை அழுத்து, கையை மடியில் வை, நூறு வரை எண்ணு, பிறகு தொடு.

மற்ற பிள்ளைகள் சட்டென்று பழகிக்கொண்டார்கள். இவளால் முடியவில்லை. கை அவ்வளவு வேகம், அதனால்தான் வகுப்பே தந்தி என்று பெயர் வைத்தது. போன வருடம் தடதடவென்று அழுத்தி ஒரு கணினியைப் படுக்க வைத்துவிட்டாள். எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். தேம்பித் தேம்பி அழுதாள். அதற்குப் பிறகு ஓர் எண்ணைக்கூட விழுங்காமல் எண்ணுகிறாள்.

இந்தத் தேர்வு மையத்தில் இருப்பவை புதுக் கணினிகள். மற்ற பள்ளிப் பிள்ளைகள் தொட்டதும் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. இது எனக்குத் தெரியாததா? புறப்படும்போது பேனா, தண்ணீர், நுழைவுச்சீட்டு, கழிவறை என்று ஆயிரம் சொன்ன வாய்க்கு இதைச் சொல்லத் தோன்றவில்லையே, பாவி!

அறுபது கேள்வி, அறுபது நிமிடம். பதிலுக்கு ஒரு நூறு, 'அடுத்தது' என்ற பொத்தானுக்கு ஒரு நூறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிகூடத் தாண்ட மாட்டாள்.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. இந்தத் தேர்வில் தேறினால் விடுதிப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டு வரை படிக்கலாம். தேறாவிட்டால் அம்மாவோடு தையல் ஆலைக்குப் போக வேண்டியதுதான். அந்த அம்மாவே என்னிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் இவளை அனுப்பினார்.

கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆசிரியர் சைகை காட்டினால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தேர்வு ரத்து. எங்கள் பிள்ளைகள் இன்னும் நான்கு பேர் அடுத்த சுற்றுக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியைத் தட்டத் தூக்கிய கையை அக்குளில் செருகிக்கொண்டேன்.

ஒரு தடவை தலையைத் திருப்பிப் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். பாரடி, நல்லாப் பாரு என்று மனசுக்குள் கத்தினேன். நன்றாகவே பார்த்தாள். பிறகு தன் திரைக்குத் திரும்பி, ஒரு பதிலை அழுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

வெளியே வந்தவளிடம் எத்தனை முடித்தாய் என்று கேட்டேன். இருபத்திரண்டு என்றாள். கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதையும் சொன்னாள்.

அதற்குள் ஊழியர் கதவைத் திறந்து அடுத்த சுற்றுக்கு எண்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான்கு பேரும் எழுந்து வந்தார்கள். இவளையே பார்த்து நின்றதில் அவர்களிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இவளை எங்காவது அனுப்பிவிட்டு அவர்களிடம் சொல்லலாமே என்று, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றேன். தாகமில்லை என்று என் பக்கத்திலேயே நின்றாள்.

இனி நேரமில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"உள்ள யாரும் எண்ண வேண்டாம். பதிலைத் தொட்டதும் உடனே அடுத்ததுக்குப் போங்க."

அவர்கள் நம்பவில்லை. வருடக்கணக்கில் எண்ண வைத்தவள் வாசலில் நின்று எண்ணாதே என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? உள்ளே போய் வந்தவளைத்தான் பார்த்தார்கள்.

"ஆமா, எண்ண வேண்டாம்," என்றாள் தந்தி. "அங்க யாருமே எண்ணல. தொட்ட உடனே வந்துடுது."

"அப்ப நீயும் எண்ணலையா?" என்று கேட்டான் முன்னால் நின்றவன்.

"நான் எண்ணினேன்," என்றாள். "டீச்சர் எண்ணச் சொல்லியிருக்காங்கல்ல."