மேல் ரூமுக்கு வியூ

"எந்த நேரமும் தலையில விழுந்துரும்ங்க. உசுரக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் படுக்குறோம்" என்று சொல்லி, ஞானவேல் அந்த சைப்ரஸ் மரத்தை உள்ளங்கையால் தள்ளிக் காட்டினார். மரம் அசையவில்லை. அவருடைய தொப்பைதான் குலுங்கியது.

மரம் வெட்ட அனுமதி தர வேண்டிய ஆபீசர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"மேல ஏறி, கிளை எங்க இடிக்குதுன்னு பாத்துரட்டுமாங்க?"

"ஐயோ, படியெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்கு சார். நீங்க வழுக்கி விழுந்தா அந்தப் பாவமும் எனக்கா? காப்பி ஆறுது பாருங்க."

ஆபீசர் காப்பியைக் குடித்தார். அடுத்த வாரம் அனுமதி வந்தது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுப்பதற்கு ஞானவேல் இங்கே படுப்பதே இல்லை. அவர் குடியிருப்பு பழனியில், ஒரு லாட்ஜுக்குப் பின்னால். இந்தக் கொடைக்கானல் வீடு டூரிஸ்டுகளுக்கு. மனைவி சண்முகசுந்தரியின் வளையல்களை விற்று எழுப்பிய மேல் ரூமில் தங்கியவர்கள் எல்லாம், 'ஜன்னலைத் திறந்தால் மரம்தான் தெரிகிறது' என்று நெட்டில் திட்டி எழுதிவிட்டுப் போனார்கள். மே மாத சீசனுக்குள் வியூ வராவிட்டால் வளையலும் வராது என்பது சண்முகசுந்தரிக்குத் தெரியும். அதை அவள் கணவனுக்கு மறக்க விடுவதில்லை.

வெட்டுகிற அன்று, மரம் இறக்கும் மேஸ்திரி சக்திவேல் தன் ஆட்களோடு வத்தலக்குண்டிலிருந்து வெள்ளனே வந்து இறங்கினார்.

"சார், காரை எடுத்து வளைவுக்கு அங்கிட்டு விட்டுருங்க. பூந்தொட்டிய ஒதுக்கிருங்க. வேலை முடியிற வரைக்கும் வீட்டுக்குள்ள யாரும் இருக்க வேணாம்."

"ஏப்பா, மரத்தக் காலி பண்ணச் சொன்னா எங்களக் காலி பண்றியே?"

சண்முகசுந்தரி கயிறுகளையும் ஹெல்மெட்டுகளையும் இடுப்பு பெல்ட்டுகளையும் பார்த்து வாயைக் கோணினாள். "அடியில ரெண்டு வெட்டு வெட்டினா சாஞ்சிட்டுப் போகுது. இதுக்கு என்னமோ நிலாவுக்குப் போற மாதிரி சோடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

"அடியில வெட்டினா உங்க ஹாலுக்குள்ள வந்து உக்காந்துக்கும்ங்கம்மா. உச்சியிலருந்து துண்டு போட்டு, கயித்துல கட்டித்தான் எறக்கணும்."

"அப்ப வெரசா மரத்த எறக்கு. பேச்ச எறக்காத."

அஜித்குமார் என்கிற ஆள் மெஷின் ரம்பத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினான். கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் ஆடி ஆடி இறங்கின. ஞானவேல் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே, வலது பக்கம்லே! ஒனக்கு வலது எது, எடது எதுன்னு ஒங்காத்தா சொல்லித் தரலையா?"

கத்தியது போதாதென்று எழுந்து மரத்தடிக்கே நடந்தார்.

"சார், கயித்துக்குக் கீழ வராதீங்க!" என்று சக்திவேல் அலறினார்.

"என் எடத்துல நான் எங்க நடக்கணும்னு நீ சொல்றியோ?"

ஒரு கிளை அவர் செருப்பை உரசிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அதன்பிறகு அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. காருக்குள் போய், மே மாதத்துக்கு ரூம் கேட்ட மதுரைக்காரரிடம் போனில் பேச ஆரம்பித்தார்.

"போன தடவ நீங்க தங்கின ரிசார்ட்டா? அதுக்கு சீல் வச்சுட்டாங்களே! பர்மிஷன் இல்லாமக் கட்டினா சீல் வைக்காம மாலையா போடுவாங்க? நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க. வியூ அள்ளும்."

சாயங்காலத்துக்குள் அடிக்கட்டையைத் தவிர எல்லாம் லாரி ஏறிவிட்டது. மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு சக்திவேல் முகம் கழுவினார். மத்தியானம் இறங்கியிருந்த மூடுபனி விலகியது.

"என்னங்க!" என்று மேல் ரூம் பால்கனியிலிருந்து சண்முகசுந்தரி கூவினாள். "ஏரி தெரியுது! கீழ ரோடு தெரியுது! டீக்கடையில ஒருத்தர் வடை திங்கிறது வரைக்கும் தெரியுதுங்க!"

ஞானவேலுக்கு மார்பு விரிந்தது. அப்போது பார்த்து சக்திவேல் தலையைச் சொறிந்தார்.

"சார், மரத்த எடுத்தாச்சுன்னு ஆபீசருக்கு ஒரு போட்டோ அனுப்பணுமாம். இந்த அடிக்கட்டைய மட்டும் எடுத்து அனுப்பிரட்டுமாங்க?"

"கட்டையவா? போட்டோ எடுக்கக்கூட நான்தான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா? நகரு!"

அவரே விடுவிடுவென்று இறங்கி ரோட்டு வளைவுக்குப் போனார். போனைத் தூக்கிப் பிடித்தார். "சுந்தரி, சேலைய இழுத்து விட்டுக்க! கையக் காட்டு! வீடு முழுசா விழணும். இதையே நெட்டுலயும் போட்டுரலாம்!"

சண்முகசுந்தரி பால்கனியில் சாய்ந்து நின்று, ஏதோ ஏர்போர்ட்டுக்கு வந்தவளைப்போலக் கையசைத்தாள். படம் ஆபீசருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞானவேல் மேடேறி வாசலுக்கு வந்ததும் போன் அடித்தது. ஆபீசர்தான்.

ஞானவேல் ஸ்பீக்கரை அழுத்தி, போனை ஆட்களுக்கு நேராக நீட்டினார். "கேட்டுக்கங்கடா. ஆபீசர் என்கிட்ட எப்பிடிப் பேசுறாருன்னு."

ஆபீசர் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார்.

"மரம் போனது சரிங்க சார். உச்சியில ஒரு மாடி நிக்குதே, அது எப்பங்க முளைச்சுச்சு?"