கொசுறுக்கு ஒரு கேள்வி

செங்கமலம் அரைக் கிலோ கத்தரிக்காயை நிறுத்து தேவசகாயத்தின் பையில் கொட்டினாள். வழக்கம்போல் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே வைத்தாள். உடனே தராசு பேசியது.

"நுகர்வோரே, இந்த இலவசத்தால் இந்தக் கடைக்குக் கடமைப்பட்டதாக உணர்கிறீர்களா?"

கொசுறு கொடுத்தால் தராசு இப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்ற புதுச் சட்டம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஆம் என்றால் கொசுறு கூடைக்கே திரும்பிவிட வேண்டும். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்தபடியே "இல்லை" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையோடு போனார்கள்.

தேவசகாயம் செங்கமலத்தை நிமிர்ந்து பார்த்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும், கத்தி பிடிக்கத் தெரியாத அவருக்குச் செங்கமலம்தான் காயை நறுக்கியே கொடுத்தாள்.

தராசு மறுபடியும் கேட்டது.

"ஆமா" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. செங்கமலம் கொத்தை எடுத்துக் கூடையில் போட்டாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டுப் போக வேண்டியதுதானேண்ணே? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"உன் முன்னாடி நின்னுக்கிட்டு எப்படிம்மா சொல்றது?"

அவர் போய்விட்டார். அடுத்து நின்ற பெண், தராசு கேட்பதற்கு முன்பே "இல்லை" என்றாள். கறிவேப்பிலையை எடுத்த செங்கமலத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அந்தப் பெண்ணின் பையில் வைத்தது.